புகைக் குழாயில் வேகத்தைக் கண்டவர்
கிழக்கு ஜெர்மனியின் மோட்டார் சைக்கிள் மேதை வால்ட்டர் காடன்

மோட்டார் சைக்கிள் வாங்கிய வாலிபர்களில் பலர் முதன் முதலில் கை வைப்பது எதிலே தெரியுமா? சைலென்ஸரில்தான். கம்பெனிக்காரன் பொருத்தி அனுப்பிய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டால் வண்டி பறக்கும் என்பது அவர்களுடைய திடமான நம்பிக்கை. தெருவே அதிரும்படி சத்தம் வருகிறது; சத்தம் அதிகமானதால் வேகமும் அதிகமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட குழாய்களைப் போலீஸார் பறிமுதல் செய்து, வரிசையாகத் தரையில் அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சிகளும் நம் நகரங்களில் நடந்திருக்கின்றன.

குழாயை மாற்றினால் வேகம் வரும் என்பது முழுப் பொய்யா? இல்லை. அது உண்மைதான். ஆனால் எந்தக் குழாய், எவ்வளவு நீளம், எங்கே பருத்து எங்கே சிறுக்க வேண்டும் என்பதில்தான் ரகசியமெல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த ரகசியத்தைத் துருவித் துருவி ஆராய்ந்து, ஒரு சின்னஞ்சிறு எஞ்சினிலிருந்து உலகம் அதுவரை கண்டிராத சக்தியை வரவழைத்துக் காட்டினார் ஒரு மனிதர். அந்த வித்தையால் பணமும் பட்டமும் பெற்றவர்கள் வேறு பலர். கண்டுபிடித்தவரோ கடைசி வரையில் தம் சிற்றூர்த் தொழிற்சாலையை விட்டு அகலவில்லை. அவர்தான் வால்ட்டர் காடன்.

இளமைப் பருவம்

ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், மலையும் காடும் சூழ்ந்த சாக்ஸனி மாகாணத்தில் போபர்ஷாவ் என்றொரு சிற்றூர். அங்கே 1919-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி காடன் பிறந்தார். அவருடைய தந்தை பெரிய தனவந்தரல்லர். அருகிலிருந்த ட்ஷோப்பாவ் நகரில், டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் விற்பனை மானேஜருக்குக் கார் ஓட்டி வந்தவர்.

டி.கே.டபிள்யூ. என்பது அந்தக் காலத்தில் சாமானியமான பெயரல்ல. டென்மார்க் நாட்டில் பிறந்து ஜெர்மனியில் குடியேறிய ராஸ்முஸ்ஸன் என்பவர் ஸ்தாபித்த கம்பெனி அது. 1920-களின் இறுதியில் உலகத்திலேயே மிக அதிகமான மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையாக அது வளர்ந்திருந்தது. அந்த ஊரில் பிறந்த பையன்களுக்கு எஞ்சின் சத்தமே தாலாட்டு. 1927-இல் நூர்பர்க்ரிங் என்ற புகழ்பெற்ற பந்தயப் பாதை திறந்து வைக்கப்பட்டபோது, எட்டு வயது நிரம்பாத காடனும் அந்த வைபவத்தைக் காணச் சென்றிருந்தார். அன்று பிடித்த பந்தயப் பித்து ஆயுள் முழுவதும் அவரை விடவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கெம்னிட்ஸ் நகரிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் எஞ்சினீயரிங் பயின்றார். படித்து வெளியே வரும்போது உலகம் யுத்தத்தில் மூழ்கியிருந்தது. 1940-இல் பெர்லின் நகரில் ஹென்ஷல் விமானக் கம்பெனியில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அங்கே ஹெர்பர்ட் வாக்னர் என்ற நிபுணரின் தலைமையில், விமானத்திலிருந்து ஏவி, ரேடியோ மூலம் திசை திருப்பிக் கப்பல்களைத் தாக்கும் ஹெச்.எஸ்.293 என்ற ராக்கெட் குண்டை உருவாக்கும் பணி நடந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். பால்டிக் கடற்கரையிலுள்ள பீனமுண்டே பரிசோதனைத் தளத்திலும் அவர் பணியாற்றினார். லண்டன் மாநகரைத் தாக்கிய வி-1 பறக்கும் குண்டைச் செய்தவர்களில் இவரும் ஒருவர் என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள், அது சரியல்ல. ஆயினும் அவருடைய வாலிப வயதின் உழைப்பு ஹிட்லரின் யுத்த இயந்திரத்துக்குப் பயன்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

தச்சுப் பட்டறையில் பிறந்த வண்டி

யுத்தம் முடிந்தது. ஜெர்மனி இரண்டு துண்டாகப் பிளவுபட்டது. அமெரிக்கர்களால் சில காலம் காவலில் வைக்கப்பட்டிருந்த காடன், விடுதலையானதும் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பினார். சாக்ஸனி இப்போது ருஷ்யர்களின் கையில் இருந்தது. ட்ஷோப்பாவ் தொழிற்சாலையின் இயந்திரங்களை யுத்த நஷ்ட ஈடாக ருஷ்யர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே வண்டி அனுப்பிய ஊரில் வெறும் சுவர்களே மிஞ்சின.

ராக்கெட் எஞ்சினீயருக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? குண்டு விழுந்து கூரை பறிபோன வீடுகள் ஏராளமாக இருந்தன. அவற்றுக்கு மரச்சட்டம் செய்து கொடுக்கும் தொழிலைக் காடன் ஆரம்பித்தார். பகலெல்லாம் மரம் அறுப்பது. மற்ற நேரத்தில் அதே பட்டறையில் ஒரு பழைய டி.கே.டபிள்யூ. வண்டியைப் பிரித்துப் போட்டு ஆராய்வது. இப்படியாகத்தான் அவருடைய முதல் பந்தய வண்டி மரத்தூளின் நடுவே உருவாயிற்று.

அந்த வண்டியின் பெயர் ஆர்.டி.125. 1939-இல் வெளிவந்த எளிய டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் சக்தி ஐந்து குதிரைக்கும் குறைவு. ஆனால் அமைப்பு அவ்வளவு நேர்த்தி. யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பான்டம் என்றும், அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்ஸனின் சிறிய வண்டியாகவும், ருஷ்யாவில் மாஸ்கோ வண்டியாகவும் அதே அமைப்பு மறுபிறப்பு எடுத்தது. 1955-இல் ஜப்பானின் யமஹா கம்பெனி வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே மூல உரு.

காடன் தாம் செய்த வண்டியைத் தாமே ஓட்டிப் பக்கத்து ஊர்ப் பந்தயங்களில் கலந்துகொண்டார். அந்த வண்டியின் வேகம் ஊரார் கண்ணில் பட்டது. பிறகு அதிகாரிகளின் காதிலும் விழுந்தது. தொழிற்சாலை மெல்ல மெல்ல மீண்டும் தலை தூக்கிக்கொண்டிருந்த சமயம் அது. 1953-இல் அதன் பந்தயப் பிரிவுக்குக் காடன் தலைவரானார். ஐ.எஃப்.ஏ. என்று அப்போது அழைக்கப்பட்ட வண்டிகளே பின்னர் எம்.இஸட். என்ற பெயரைப் பெற்றன. பந்தயப் பிரிவு என்ற பெயர்தான் பெரிது. ஆட்கள் சிலர், பணம் சொற்பம். நல்ல உருக்கும், நல்ல டயரும், நல்ல செயினும் வேண்டுமானால் மேற்கு நாட்டுப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்; கிழக்கு ஜெர்மனியில் அந்தப் பணத்துக்கு எப்போதுமே பஞ்சம். இத்தாலியின் எம்.வி.அகுஸ்டாவும், பின்னர் ஜப்பானின் ஹோண்டாவும் செல்வச் செழிப்போடு நிற்கும் களத்தில் இந்த ஏழைக் குழு இறங்க வேண்டியிருந்தது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் நோய்

காடன் செய்த காரியத்தின் அருமை விளங்க வேண்டுமானால், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் நோய் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையை வெளியேற்றுவதற்கென்று பிஸ்டன் ஒரு தடவை மேலே வரும். புதிய பெட்ரோல்-காற்றுக் கலவையை இழுப்பதற்கென்று ஒரு தடவை கீழே போகும். வால்வுகள் காவற்காரர்களைப் போல் நின்று வழியைத் திறந்து மூடும். டூ-ஸ்ட்ரோக்கில் இந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. சிலிண்டரின் சுவரிலேயே துவாரங்கள். பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை போகும் துவாரம் திறக்கிறது. உடனேயே புதிய கலவை வரும் துவாரங்களும் திறக்கின்றன. ஒரே நேரத்தில் ஒரு கதவு வழியாக விருந்தாளி உள்ளே வருகிறார். இன்னொரு கதவு வழியாகப் பழைய ஆள் வெளியே போகிறார். கூட்டத்தோடு கூட்டமாக, உள்ளே வந்த விருந்தாளியும் வெளியே போய்விடுவதுண்டு! பாதி பெட்ரோல் எரியாமலே புகையோடு போய்விட்டால் சக்தி எங்கிருந்து வரும்? டூ-ஸ்ட்ரோக் என்றால் விலை மலிவான, புகை கக்கும், ஏழைகளின் வண்டி என்ற இளப்பம் உலகெங்கும் இருந்ததற்கு இதுவே காரணம்.

பந்தயக்காரர்கள் புகை தடையில்லாமல் வெளியேறட்டும் என்று எண்ணி, சைலென்ஸரை நீக்கி நேரான குழாயைப் பொருத்திப் பார்த்தார்கள். சத்தம் அதிகரித்தது. ஆனால் புதிய கலவையும் தடையில்லாமல் வெளியே ஓடிற்று.

எதிரொலி செய்யும் வேலை

இங்கேதான் காடனின் கூர்மையான புத்தி வேலை செய்தது. புகைத் துவாரம் திறந்தவுடன் வெளியே பாய்வது புகை மாத்திரமல்ல. ஓர் அழுத்த அலையும் குழாயில் பாய்கிறது. அது ஒலியின் ஜாதியைச் சேர்ந்தது. ஆழமான கிணற்றில் குனிந்து கூப்பிட்டால் நம் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதுபோலக் குழாயின் வடிவம் எங்கே மாறுகிறதோ அங்கேயிருந்து அந்த அலையின் எதிரொலி திரும்பி வருகிறது. குழாய் அகன்றுகொண்டே போனால் வருவது உறிஞ்சும் எதிரொலி; குறுகிக்கொண்டே போனால் வருவது தள்ளும் எதிரொலி.

இந்த இரண்டையும் வரிசையாக வரவழைத்தால் என்ன? முதலில் உறிஞ்சும் அலை வந்து சிலிண்டரிலுள்ள புகையை இழுத்து வெளியேற்ற வேண்டும். அதோடு புதிய கலவையையும் விரைந்து உள்ளே வரச் செய்ய வேண்டும். அடுத்து, துவாரம் மூடுவதற்குச் சற்று முன்பாகத் தள்ளும் அலை வந்து, குழாய்க்குள் தப்பி ஓடிய கலவையைப் பிடித்து மீண்டும் சிலிண்டருக்குள்ளே திணித்துவிட வேண்டும். ஒரு வால்வு செய்ய வேண்டிய வேலையை, அசையும் பாகம் ஒன்றுமில்லாத வெறும் தகட்டுக் குழாயே செய்துவிடுகிறது.

ஆகவே குழாயின் உருவம் மாறியது. எஞ்சினிலிருந்து மெல்லியதாகப் புறப்பட்டு, கூம்பாக விரிந்து, நடுவே மிருதங்கம் போலப் பருத்து, மறுபடியும் கூம்பாகச் சிறுத்து, முடிவில் விரற்கடை அகலமுள்ள வாலாக முடிந்தது. தகட்டை வெட்டி, உருட்டி, துண்டு துண்டாகப் பற்ற வைத்துச் செய்யும் இந்தக் குழாய்க்கு விரிவறைக் குழாய் என்று பெயர் சொல்லலாம்.

இந்தக் குழாயை உலகத்தில் முதன்முதல் எண்ணிப் பார்த்தவர் காடன் என்று சொன்னால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். எரிக் வோல்ஃப் என்ற ஜெர்மன் எஞ்சினீயரின் பந்தய வண்டிகளில் இதன் ஆரம்ப உருவம் 1950-களின் தொடக்கத்திலேயே காணப்பட்டது. மற்றவர்கள் கை போன போக்கில் செய்து பார்த்ததை, அளந்து அறியும் சாஸ்திரமாக மாற்றியதே காடனின் பெருமை. அலைகளைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் என்ற கருவியின் துணையால், குழாய்க்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் காரியத்தை அவர் திரையில் பார்த்தார். ஒரு கூம்பின் நீளத்தைச் சிறிது கூட்டுவது, எஞ்சினை ஓட்டிச் சக்தியை அளப்பது, மறுபடி வெட்டி ஒட்டுவது. இப்படியே நாட்களும் வருடங்களும் சென்றன.

கண் இமைக்கும் நேரத்தில்

இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. நிமிஷத்துக்கு 10,800 சுற்று ஓடும் எஞ்சின், ஒரு விநாடிக்கு 180 தடவை சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் 180-இல் ஒரு பங்கு. புகைத் துவாரம் திறந்திருப்பதோ அதிலும் ஏறத்தாழப் பாதி நேரந்தான். அதற்குள் அலை புறப்பட்டுப் போய், உறிஞ்சி, திரும்பி வந்து தள்ளிவிட வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுகிறவன் சரியான சமயத்தில் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகிறது. சமயம் தவறினால் ஊஞ்சல் நின்றுவிடுகிறது. குழாயும் அப்படியே. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்காக அளந்த குழாய், அந்த வேகத்தில் அமிர்தம். அதற்குக் கீழே இறங்கினால் எஞ்சின் இருமித் தத்தளிக்கும். அதனால் காடனின் வண்டிகளை ஓட்டியவர்கள், எஞ்சினின் வேகம் அந்தக் குறுகிய எல்லையை விட்டு இறங்காதபடி ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

குழாய் மாத்திரம் போதுமா என்றால், போதாது. கலவை உள்ளே வரும் வழியையும் காடன் சீராக்கினார். டேனியல் ஸிம்மர்மான் என்ற எஞ்சினீயர் தம் வண்டியில் உபயோகித்து வந்த சுழலும் வட்டத் தகட்டு வால்வை அவர் எடுத்துக்கொண்டார். சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டனின் வீச்சையும் 54 மில்லிமீட்டர் என்று சமமாக்கினார். புகைத் துவாரத்துக்கு நேர் எதிரே மூன்றாவதாக ஒரு கலவைத் துவாரம் அமைத்தார். அது கூடுதல் கலவையைக் கொடுத்தது. கொதிக்கும் பிஸ்டனுக்கும் அதன் அடித் தாங்கிக்கும் எண்ணெயும் குளிர்ச்சியும் கொடுத்தது. குழாய், வால்வு, துவாரம் மூன்றும் ஒன்றோடொன்று இசைந்தபோதுதான் எஞ்சின் பாடத் தொடங்கியது.

பலன் என்ன? 1950-களின் ஆரம்பத்தில் 125 சி.சி. பந்தய எஞ்சின் கொடுத்த சக்தி 13 குதிரை. 1961-இல் அதே அளவுள்ள எஞ்சின் 25 குதிரை சக்தியைக் கொடுத்தது. காற்றை அழுத்தித் திணிக்கும் யந்திரம் எதுவும் இல்லாமல், லிட்டருக்கு 200 குதிரை சக்தி என்ற எல்லையை முதன்முதலாகத் தொட்ட எஞ்சின் அதுவே. ஏழைகளின் வண்டி என்று இகழப்பட்ட டூ-ஸ்ட்ரோக், எஞ்சின்களின் ராஜாவாக வளர்ந்துவிட்டது.

வெற்றி வாசலில்

1958-இல் ஸ்வீடனில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், 250 சி.சி. பிரிவில் ஹார்ஸ்ட் ஃபியூக்னர் என்ற வீரர் எம்.இஸட். வண்டியில் முதலிடம் பெற்றார். காடனின் வண்டிக்குக் கிடைத்த முதல் உலகப் பந்தய வெற்றி அது. அந்த ஆண்டு உலக வரிசையில் ஃபியூக்னர் இரண்டாமவரானார். அடுத்த ஆண்டு இத்தாலியின் மோன்ஸா பாதையில், எம்.வி.அகுஸ்டாவின் சொந்த மண்ணிலேயே, எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற இளைஞர் 125 சி.சி. பந்தயத்தில் வாகை சூடினார்.

டெக்னர் வெறும் ஓட்டுபவர் அல்லர். எஞ்சினீயரிங் அறிவும் உள்ளவர். காடனுடன் பட்டறையில் நின்று, எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தின் ரகசியத்தையும் அறிந்தவர். 1961-ஆம் ஆண்டு அவர் அடுத்தடுத்து வெற்றி பெற்றார். ஹாக்கன்ஹைமில் முதலிடம், சொந்த நாட்டுச் சாக்ஸன்ரிங்கில் முதலிடம், செப்டம்பர் மாதம் மோன்ஸாவில் மீண்டும் முதலிடம். உலகச் சாம்பியன் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ட்ஷோப்பாவ் ஊரே ஆவலோடு காத்திருந்தது.

கைவிட்டுப் போன ரகசியம்

ஆனால் வேறொரு பக்கத்தில் வேறொரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பானின் சுஸுகி கம்பெனி 1960-இல் ஐரோப்பியப் பந்தயங்களில் இறங்கியிருந்தது. அவர்களும் டூ-ஸ்ட்ரோக்காரர்களே. ஆனால் அவர்களுடைய வண்டிகள் காடனின் வண்டிகளைக் கிட்ட நெருங்க முடியவில்லை. டெக்னருக்கும் அவர்களுக்கும் ரகசியமாகப் பேச்சு நடந்தது. வெற்றி பெற்றும் கிழக்கு ஜெர்மனியில் டெக்னர் கண்ட வாழ்க்கை எளியது. மேற்கு நாடுகளில் அவருக்குச் சமமான வீரர்கள் அனுபவித்த வாழ்க்கையை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். 1961 ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெர்லின் நகரின் நடுவே எல்லை மூடப்பட்டுச் சுவர் எழத் தொடங்கியது. இனிமேல் நினைத்தபோது போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 17-ஆம் தேதி ஸ்வீடனில் பந்தயம். அந்தச் சமயத்தில் டெக்னரின் மனைவியும் குழந்தைகளும் ஒரு காரில் ஒளித்து வைக்கப்பட்டு, எல்லையைக் கடந்து மேற்கு ஜெர்மனி போய்ச் சேர்ந்தார்கள். பந்தயத்தில் டெக்னரின் எஞ்சின் பாதியிலே பழுதாகி நின்றது. அவர் அங்கிருந்து நழுவி, டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனி சென்று குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார். ஆண்டின் கடைசிப் பந்தயம் அர்ஜென்டினாவில். அதில் டெக்னர் ஓடவில்லை. சாம்பியன் பட்டம் ஹோண்டா வீரர் டாம் பிலிஸைச் சேர்ந்தது.

காடனின் நிலை என்னவாக இருந்திருக்கும்! பட்டம் போயிற்று, தம் கையால் வளர்த்த வீரர் போனார், வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்த வித்தையும் அவரோடு போயிற்று. போதாக்குறைக்கு அரசாங்கத்தின் சந்தேகப் பார்வை பந்தயப் பிரிவின் மீதே விழுந்தது. மேற்கு நாடுகளில் நடந்த பல பந்தயங்களுக்குச் செல்லவும் வழியடைத்தது.

டெக்னர் ஜப்பான் சென்றார். ஹமமட்ஸு நகரில் சுஸுகி எஞ்சினீயர்களோடு சேர்ந்து வேலை செய்தார். ஒரே பனிக்காலந்தான் கழிந்தது. 1962-இல் 50 சி.சி. உலகச் சாம்பியன் பட்டத்தை டெக்னரும் சுஸுகியும் வென்றார்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டி பெற்ற முதல் உலகச் சாம்பியன் பட்டம் அதுவே. அடுத்த ஆண்டு 125 சி.சி. பட்டமும் சுஸுகிக்குக் கிடைத்தது. 1964-இல் 250 சி.சி. பட்டத்தை யமஹா பெற்றது. காடனின் எம்.இஸட். வண்டிக்கோ, அந்தப் பட்டம் ஒரு தடவைகூடக் கிட்டவில்லை.

டெக்னரின் பிற்கால வாழ்வும் சுகமாக அமையவில்லை. ஜப்பானின் சுஸுகா பாதையில் ஒரு வளைவு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அதே பாதையில் 1963-இல் நடந்த விபத்தில் வண்டி தீப்பற்றி, அவர் உடல் கடுமையாகக் கருகியது. பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளான அவர், 1983-இல் 51-ஆவது வயதில் காலமானார். அவர் செய்தது துரோகமா, குடும்பத்துக்காகச் சுதந்திரத்தைத் தேடிய முயற்சியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும் ஒரே செயலில் கலந்திருக்க முடியும் என்பதே மனித வாழ்க்கையின் விசித்திரம்.

ஊரை விட்டு அகலாதவர்

காடன் மனம் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. மீண்டும் தகட்டை உருட்டத் தொடங்கினார். 1963-இல் இங்கிலாந்தின் மாபெரும் வீரர் மைக் ஹெயில்வுட் சாக்ஸன்ரிங் பந்தயத்தில் எம்.இஸட். 250 சி.சி. வண்டியை ஓட்டி முதலிடம் பெற்றார். ஆறு நாள் நடக்கும் கரடுமுரடான சர்வதேசப் பந்தயத்தில் கிழக்கு ஜெர்மனி 1963 முதல் 1967 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையைக் கைப்பற்றியதும் எம்.இஸட். வண்டிகளின் பலத்தினால்தான். 1955 முதல் 1976 வரையில் காடனின் எஞ்சின்கள் உலகக் கிராண்ட் பிரீ பந்தயங்களில் 13 வெற்றிகளையும், 105 தடவை முதல் மூன்று இடங்களில் ஒன்றையும் பெற்றன. செல்வம் கொழிக்கும் கம்பெனிகளுக்கு நடுவே அந்தச் சிறு குழு இவ்வளவு செய்தது சாமானியமல்ல.

உலகமோ அவர் காட்டிய வழியிலேயே ஓடிற்று. 500 சி.சி. என்ற உயர்ந்த பிரிவில் 1975-இல் யமஹா டூ-ஸ்ட்ரோக் வண்டி சாம்பியன் பட்டம் பெற்றது. அதிலிருந்து அந்தப் பிரிவு முடிவுற்ற 2001 வரை ஒவ்வோர் ஆண்டும் டூ-ஸ்ட்ரோக் வண்டியே பட்டம் வென்றது. அத்தனை வண்டிகளின் அடிவயிற்றிலும் சுருண்டு கிடந்தது மிருதங்கம் போலப் பருத்த அந்தக் குழாய்தான்.

நம் நாட்டுக்கும் அந்த அலை வந்து சேர்ந்தது. 1984-இல் ஒசூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இந்த்-சுஸுகி வண்டியும், 1985-இல் வந்து இளைஞர்களைப் பித்துக்கொள்ளச் செய்த யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியும் அந்தப் பரம்பரையில் வந்தவையே. பளபளப்பான சைலென்ஸர் உறைக்குள்ளே விரிந்து சுருங்கும் கூம்புகள் ஒளிந்திருந்ததை ஓட்டியவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? சத்தத்துக்காக அதைக் கழற்றி எறிந்து வெறும் குழாயை மாட்டியவர்கள், எதிரொலி செய்து வந்த வேலையையும் சேர்த்தே எறிந்துவிட்டார்கள். பழக்கமுள்ள மெக்கானிக்குகள் மட்டும், குழாயை மாற்றினால் கார்புரேட்டரின் ஜெட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கலவை நீர்த்துப் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்று எச்சரிப்பார்கள். எஞ்சின் வேறு, குழாய் வேறு அல்ல என்று காடன் கண்ட உண்மையைத்தான் அவர்கள் தங்கள் பாஷையில் சொன்னார்கள்.

1990-இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. சுவர் இடிந்தது, எந்த நாட்டுக்கும் போகலாம் என்ற நிலை வந்தது. அப்போது காடனுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. பந்தய உலகமும் அவரை மெல்ல மெல்ல இனம் கண்டுகொண்டது. நவீன டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் தந்தை என்று அறிந்தவர்கள் அவரைப் போற்றினார்கள். 1996 மார்ச் 3-ஆம் தேதி அவர் காலமானார்.

பந்தயப் பாதைகளில் இன்று ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களே ஆட்சி செலுத்துகின்றன. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் சாலைகளிலும் டூ-ஸ்ட்ரோக் அருகிவிட்டது. ஆயினும் பழைய வண்டிகளைப் பேணி வைத்திருக்கும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை உதைத்துக் கிளப்பும்போது, முதலில் தயங்கி, பின் சட்டென்று குரல் உயர்ந்து கூவும் அந்த ஓசையைக் கேட்கலாம். எதிரொலி சரியான சமயத்தில் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ட்ஷோப்பாவ் பட்டறையில் ஒரு மனிதர் வருஷக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதும் அந்த ஓசையைத்தான்.